பாவுக்குள் போன பாட்டுக்கட்டு

பட்டும் கஞ்சியும் பட்ட காகிதத்துக்கு ஒரு மணம் உண்டு. வடித்த கஞ்சியின் லேசான புளிப்பும், பட்டு நூலை விட்டு இன்னும் முழுதாகப் போகாத ஒரு பச்சை வாடையும், அடியில் எழுது மையும் சேர்ந்து, ஒரு மாதத்துக்கு மேல் காற்றே படாமல் அமுங்கிக் கிடந்தால் வருகிற மணம் அது. வேறு எந்த வீட்டிலும் நான் அதை முகர்ந்ததில்லை. என் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தால் இன்றைக்கும் அந்த மணம் எழுந்து வந்து முகத்தில் படும். அங்கே ஒரு காகிதக்கட்டு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் எனக்குப் படிக்கத் தெரியாது. மறுபக்கம் தெரியும். அது எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்துக்குப் பின்னால், வேகவதி ஆற்றுப் பக்கம் போகிற தெருவில் இருந்தது. அப்பா கன்னியப்பன், அம்மா, அம்மாவின் அக்கா குப்பம்மா பெரியம்மா, நான், இவ்வளவு பேர்தான். அப்பாவைப் பெற்றவர் திருப்புட்குழியில் பிறர் நிலத்தில் குனிந்தே காலம் தள்ளியவர். அப்பா சிறு வயதிலேயே அங்கிருந்து காஞ்சிபுரத்துக்கு நடந்து வந்து, ஒரு நெசவுக்காரர் வீட்டில் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துத் தறியைக் கற்றுக்கொண்டு, பிறர் தறியில் இருபது வருஷம் உட்கார்ந்து நெய்துவிட்டு, எனக்கு எட்டு வயதான வருஷம்தான் சொந்தமாக ஒரு தறி போட்டார். பட்டு முதலாளி கொடுப்பது. தறி மட்டும் எங்களுடையது. அந்த 'மட்டும்' எங்களுக்கு எவ்வளவு பெரியது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஒரு சேலையின் கரையும் உடலும் சேருகிற இடத்தை விரலால் தடவி, இதை நெய்தவர் அவசரக்காரரா நிதானக்காரரா என்று சொல்லிவிடுவேன். அதை எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

காகிதத்துக்கு வருகிறேன். சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற இழைகளைத்தான் 'பாவு' என்போம். மூன்று சேலைக்கு உண்டான பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, வெயிலில் காய வைத்து, பிறகு ஒரு மர உருளையில் சுற்றுவார்கள். வெறுமனே சுற்றினால் மேல் சுற்றின் இழை கீழ்ச் சுற்றுக்குள் புதைந்து, நெய்யும்போது அறுந்து அறுந்து வரும். அதனால் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே காகிதம் வைப்பார்கள். அந்தக் காகிதம் வைப்பது எங்கள் வீட்டில் என் வேலை. எழுதின காகிதமாக இருந்தால் இரண்டு இரண்டாக, எழுத்து எழுத்தைப் பார்க்கும்படி சேர்த்து வைக்க வேண்டும். வெள்ளைப் பக்கம்தான் பட்டைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மை பட்டில் ஏறிவிடும். அகலத்துக்கு நான்கு ஜோடி பிடிக்கும். நான் வைத்த பாவில் ஒரு பொட்டு மை ஏறியதாக யாரும் சொன்னதில்லை.

எங்களுக்குக் காகிதம் கொடுத்துக்கொண்டிருந்தவர் அருளப்பன் சார். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருந்தார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். அப்போது அவருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. பாதிரியார் ஆவதற்காகக் குருமடத்தில் சேர்ந்து, அங்கே லத்தீன் படித்து, பாதி வழியில் வெளியே வந்துவிட்டவர். ஏன் வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் கேட்கவில்லை. பெரியம்மா மட்டும், "சாமியாரா ஆவப் போயி சாரா ஆயிட்டாரு. ரெண்டும் திட்ற வேலதான், போ" என்பாள்.

பரீட்சை முடிந்து பழையதாகிப்போன விடைத்தாள்களைச் சார் எங்களுக்குக் கொடுப்பார். வேறொரு காகிதமும் அவர் அறையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு பழைய லத்தீன் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதிலுள்ள பாட்டுகளை இங்கிலீஷில் பாட்டாகவே எழுதுவார். எழுதுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார். திருத்தமாக வந்த ஒன்றை மட்டும் தடித்த வெள்ளைக் காகிதத்தில் ஒரு பக்கமாக அழகாக எழுதி வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் பெரியம்மாவிடம் அடுப்புக்குக் கொடுத்துவிடுவார். எங்கள் வீட்டுச் சோறு பல நாள் அவருடைய பாட்டில் வெந்தது. பதினோரு வருஷமாக இப்படி எழுதி வந்ததாகச் சொன்னார். என்ன பாட்டு சார் என்று அம்மா ஒரு தடவை கேட்டதற்கு, "ரொம்பப் பழைய காலத்து ரோமாபுரிக்காரங்க பாடினதும்மா. இருக்கறதை வெச்சிக்கினு நிம்மதியா வாழறது எப்படின்னு" என்றார். "அதுக்குப் பதினோரு வருஷமா?" என்றாள் பெரியம்மா.

ஒருநாள் அவர் என்னிடம், "அஞ்சலை, கழிச்சிப்போட்ட பட்டு நூல் இருந்தா கொஞ்சம் குடும்மா, ஒண்ணு கட்டணும்" என்று கேட்டார். அரக்குச் சிவப்பில் ஒரு முழம் முறுக்கிக் கொடுத்தேன். அந்த நூல்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அந்த வருஷம் ஐப்பசி. மழை கொஞ்சம் தள்ளிப்போய் நான்கு நாள் நல்ல வெயில் அடித்தது. சார் லீவுக்கு ஊருக்குப் போகும்போது அறைச் சாவியை அம்மாவிடம் கொடுத்து, "கட்டிலுக்கு அடியில பழைய பேப்பர் கட்டு இருக்குது, பாவுக்கு எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவு காய்ந்த காலையில் அப்பா என்னை அனுப்பினார். குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் இரண்டு கட்டுகள். ஒன்று தேங்காய் நார்க் கயிறு கட்டியது. இன்னொன்று என் அரக்குப் பட்டு நூல் கட்டியது. நெசவு வீட்டுப் பிள்ளைக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பட்டு கட்டியது தறிக்கு, நார் கட்டியது அடுப்புக்கு. பட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அடேயப்பா, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குதே காகிதம்" என்று அப்பா தடவிப் பார்த்து மகிழ்ந்தார். நான் கட்டின் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எழுத்தோடு எழுத்தைச் சேர்த்து, சுற்றுக்குச் சுற்று வைத்தேன். நூற்றுக்கு மேல் தாள். முதல் தாள் உருளையின் மரத்தை ஒட்டி அடியிலே போயிற்று. கடைசித் தாள் மேலே வந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து, அப்பாவும் பெரியம்மாவும் விரலில் சாம்பல் தொட்டு, பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்து முடித்தார்கள். மூன்றாம் நாள் நெய்ய உட்கார்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

அன்றைக்கு மாலையில் சார் வந்தார். ஊரிலிருந்து வந்தவர் நனைந்த தலையைத் துவட்டக்கூட இல்லை. கையில் ஒரு கடிதம். சென்னையில் புத்தகம் அச்சடிக்கிறவர் ஒருவர், கார்த்திகை முடிவதற்குள் பாட்டுகளை அனுப்பினால் புத்தகமாகப் போடுகிறேன் என்று எழுதியிருந்தார். அந்தச் சந்தோஷத்தோடு கட்டிலுக்கு அடியில் கையை விட்டவருக்கு நார் கட்டிய விடைத்தாள் கட்டுதான் கிடைத்தது.

"அண்ணே, என் பேப்பரு" என்றார் வாசலில் நின்றுகொண்டு.

"நல்ல பேப்பரு சார். பாவுல வெச்சாச்சி" என்றார் அப்பா, சிரித்த முகத்தோடு.

சார் அப்படியே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். அது விடைத்தாள் இல்லை என்பதும், வேறு பிரதி கிடையாது என்பதும், கார்த்திகைக் கணக்கும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சார் என்னைப் பார்த்து, கோபமில்லாமல்தான், "ஏம்மா அதை எடுத்தே?" என்று கேட்டார்.

"பட்டு நூல் கட்டியிருந்திச்சி சார். பட்டு கட்டினா தறிக்குன்னு நெனச்சேன்."

அவர் தறிப் பக்கம் திரும்பி, "பிரிச்சி எடுக்க முடியாதாண்ணே?" என்று அப்பாவிடம் கேட்டார்.

பிணைத்த பாவைத் திரும்பப் பிரிப்பதென்றால் முதலில் பிணைப்பை வெட்ட வேண்டும். பிறகு தெரு நீளத்துக்கு விரிக்க வேண்டும். வெளியே மழை கொட்டுகிறது. கஞ்சி போட்ட பட்டு நனைந்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் குப்பையாகிவிடும். அதை நெய்ய முடியாது, முதலாளியிடம் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. முதலாளி அடுத்த பாவைக் கொடுக்கவும் மாட்டார். இதையெல்லாம் அப்பா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தறிக்கு அடியில் காலைத் தொங்கவிட்டு உட்காருகிற குழியை விட்டு எழுந்து, மாடத்திலிருந்த கத்திரிக்கோலை எடுத்து வந்து, சார் முன்னால் நின்றார்.

"தப்பு எங்க மேல. உங்குளுது பதினோரு வருஷம். எங்குளுது ஒரு பாவு. வெட்டுன்னு சொல்லு சார், வெட்டிடறேன்."

அம்மா பின்னாலிருந்து, "ஏங்க..." என்று மட்டும் சொன்னாள். சார் கத்திரிக்கோலையும் பார்த்தார், தறியில் மாட்டியிருந்த அரக்குப் பாவையும் பார்த்தார். பெரியம்மா கரைக்குக் குறுக்கிழை ஓட்டுகிற நாடாக்கட்டையைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னாள்:

"இருக்கறது போதும், இருக்கறது போதும்னு பதினோரு வருஷமாப் பாட்டு எழுதினீங்களே சாரு. ஒரு மாசம் உங்களுக்குப் பொறுக்காதா?"

அம்மா அவளை முறைத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் சார் சிரித்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத ஒரு சிரிப்பு. கத்திரிக்கோலை அப்பா கையிலிருந்து வாங்கி மாடத்தில் வைத்துவிட்டு, "நெய்யுங்கண்ணே" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல எங்கள் வீட்டில் நாட்கள் வந்ததே இல்லை. அப்பா நெய்ய நெய்ய உருளை சுற்றி வந்து, இரண்டு நாளைக்கு ஒரு தரம் ஒரு சுற்றுக் காகிதத்தை விடும். நான் கீழே குந்தி உட்கார்ந்து, விழுவதற்குள் கையில் வாங்கிவிடுவேன். பள்ளிக்கூடம் விட்டதும் சார் நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். புத்தகம் பின்னாலிருந்து முன்னால் வந்துகொண்டிருந்தது. அதிலும் நான்கு ஜோடியாக அகலத்தில் வைத்ததால் ஒரு பாட்டின் கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். சார் அவற்றைத் தரையில் பரப்பி வரிசைப்படுத்துவார். முதல் சில நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் செய்தார். தறியை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டார். அப்பா கொஞ்சம் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அவருக்குத் தாங்காது. அப்பாவுக்கும் அது உறைத்தது. ஆளைக் கலகலப்பாக்க வேண்டும் என்றோ என்னவோ, ஒருநாள் நாடாவை ஓட்டிக்கொண்டே, "இன்னா சார் சொல்றாரு இன்னிக்கு உங்க ரோமாபுரிக்காரரு?" என்று கேட்டார்.

சார் கையிலிருந்த தாளைப் பார்த்து, அதைத் தமிழில் பேச்சாகச் சொன்னார். ஒரு ஆள் தினமும் சாயங்காலம் தன் தோட்டத்து மரங்களை எண்ணிப் பார்க்கிறான். பக்கத்துப் பெரிய தோட்டத்து மரங்களை அவன் எண்ணுவதே இல்லை. அதனால்தான் எனக்கு நல்ல தூக்கம் வருகிறது என்று பாடுகிறான்.

"எண்ணலன்னு இவ்ளோ கரெக்டா சொல்றான்னா, ஒரு கண்ணு அங்கதான் இருந்திருக்குது" என்றாள் பெரியம்மா.

சார் வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காகிதம் விழும், சார் சொல்வார், தறியிலிருந்து பதில் போகும். என் வீடு சின்னதுதான், ஆனால் மழைக்கு ஒழுகாது என்று ஒரு பாட்டு வந்தது. மேலே ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு அம்மா அப்போதுதான் குண்டான் வைத்துக்கொண்டிருந்தாள். "ஒழுகாதாமா? அப்ப அவன் பெரிய வூட்டுக்காரன்தான், சும்மா சொல்றான்" என்றாள். இன்னொரு பாட்டில் ஒரு பெரிய மனுஷன் ராஜாவின் பட்டணத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்புகிறான். பாட்டுக்காரனோ, நான் வரவில்லை, என் அடுப்பில் மொச்சை வேகிறது, சாயங்காலம் என் சிநேகிதன் வருகிறான், வேலைக்காரன் உள்ளேயிருந்து ஜாடியைத் தூக்கி வருவான், இதைவிட எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறான். அழகான பாட்டு. சார் அதைச் சொன்ன விதமும் அழகு. கேட்டு முடித்ததும் அப்பா நாடாவை நிறுத்தினார். அவர் பேச்சுக்காகத் தறியை நிறுத்தி நான் அதிகம் பார்த்ததில்லை.

"ஜாடியத் தூக்கினு வந்தானே, அவன் இன்னா சார் சொன்னான்?"

"யாரு?"

"வேலைக்காரன். அவனுக்குப் போதுமாமா?"

சார் தாளைத் திருப்பிப் பார்த்தார், ஏதோ அதில் இருக்கும் என்பது போல. "அவன் ஒண்ணும் பேசலண்ணே" என்றார்.

"பேச மாட்டான். எங்கப்பனும் பேச மாட்டாரு. போதும்னு சொல்றதுக்கு மொதல்ல கையில ஏதாச்சும் இருக்கணும் சார். நெலம் வெச்சிருக்கறவன் போதும்னு சொன்னா அது பாட்டு. எங்கப்பன் சொன்னா, வேற வழியில்லன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு மறுபடி நெய்ய ஆரம்பித்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, பாவில் ஓர் இழை அறுந்திருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். சார் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்தத் தாளின் வெள்ளைப் பக்கத்தில், அப்பா பேசினதை அப்பா பேசின மாதிரியே தமிழில் எழுதினார். அன்றுமுதல் ஒவ்வொரு தாளுக்கும் அப்படி எழுதினார். முன்பக்கம் ரோமாபுரிக்காரர் இங்கிலீஷில், பின்பக்கம் எங்கள் வீடு தமிழில். பெரியம்மா சொன்னதும் இருக்கும், அம்மா குண்டான் வைத்ததும் இருக்கும்.

கார்த்திகையில் மழை பலத்தது. தறிக்குழியில் ஊற்றெடுத்து முழங்கால் வரைக்கும் தண்ணீர் நின்றது. ஈரக் காற்றில் பட்டு கொழகொழத்துப் போனதால் எட்டு நாள் தறியைத் தொட முடியவில்லை. நானும் அம்மாவும் தண்ணீரை மொண்டு மொண்டு தெருவில் ஊற்றினோம். அப்பா உருளையைக் கோணியும் துணியும் போட்டு மூடிவிட்டு, பிள்ளைக்கு ஜுரம் கண்டவர் மாதிரி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பாட்டுகளில் பாதிக்கு மேல் வந்துவிட்டிருந்தன. மீதி இன்னும் உள்ளே இருந்தன. கார்த்திகை கடைசி நாளன்று அப்பா சார் முகத்தைப் பார்க்கவே வெட்கப்பட்டு, "நாளு போச்சே சார்" என்றார்.

அம்மா அன்றைக்கு அடை சுட்டிருந்தாள். சார் இரண்டாவது அடையைப் பிய்த்துக்கொண்டே, "போகட்டும்ணே, நேத்தே அவருக்கு லெட்டர் போட்டுட்டேன், பாட்டெல்லாம் தறியில இருக்குது, முடிஞ்சதும் வரும்னு" என்றார்.

"தறியிலன்னே எழுதினீங்களா?" என்றார் அப்பா.

"தறியிலன்னேதான்."

"உன்ன லூசுன்னு நெனச்சிருப்பாரு" என்றாள் பெரியம்மா. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் அவரை 'நீ' என்றாள். சாரும் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். மூன்றாவது அடையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மார்கழியில் வெயில் வந்தது. குழி காய்ந்தது. இப்போது அப்பாதான் அவசரப்பட்டார். சார், "மெதுவா நெய்ங்கண்ணே, ஒண்ணும் ஓடிப் போகல" என்று சொல்ல வேண்டியதாயிற்று. மூன்றாவது சேலையின் முந்தானை முடிகிற சமயத்தில், உருளையின் மரம் கண்ணுக்குத் தெரிய, கடைசிச் சுற்றுக் காகிதம் என் கைக்கு வந்தது. நான் முதலில் வைத்த தாள்கள். புத்தகத்தின் முதல் பாட்டு.

வாங்கினதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜில்லென்று கனத்தது. பாவு முழுவதின் பாரமும் அதன் மேல்தான் இருந்தது; மழையின் ஈரத்தையெல்லாம் மரத்திலிருந்து அதுதான் குடித்திருந்தது. மற்ற ஜோடிகள் தப்பிவிட்டன. முதல் இரண்டு தாள் மட்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சார் நகத்தால் மெல்லப் பிரித்தார். இதன் எழுத்து அதன் மேலும் அதன் எழுத்து இதன் மேலும் ஊறி, இரண்டும் நீலமாகக் கலங்கிக் கிடந்தன. பின்பக்கம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. பட்டில் ஒரு பொட்டு மை ஏறவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்து, சார் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"இந்த ஒண்ணுக்கு மட்டும் ஒரு வருஷம் ஆச்சு" என்றார் சார். "ஒரு வரிகூட ஞாபகம் இல்லண்ணே."

அப்பா வேலையை நிறுத்திவிட்டார். சார் கொஞ்ச நேரம் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எழுந்து அறைக்குப் போனார். போனவர் வர மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். லத்தீன் புத்தகத்தையும் ஒரு வெற்றுத் தாளையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, தறிக்குப் பக்கத்தில், எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். அப்பா நெய்தார், அவர் எழுதினார். முன்பு போல அடிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. அப்பா முந்தானையை முடித்து, அடுத்த பாவைப் பிணைக்கச் சாண் இழையை விட்டுவிட்டு, அதே கத்திரிக்கோலை எடுத்துச் சேலையை அறுத்தபோது, சாரும் பேனாவை மூடினார். வெயில் வாசலைக்கூட விட்டிருக்கவில்லை.

"எப்படி வந்திருக்குது சார்?" என்று அப்பா கேட்டார்.

"ஒரு வருஷத்துல வந்ததைவிட நல்லா வந்திருக்குது. ஒங்க தறியில ஒக்காந்துதான் எழுதணும் போல." பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "எல்லாத்துக்கும் பதில் சொன்னீங்களே, ஒண்ணு மட்டும் சொல்லலியே. உங்களுக்கு எது போதும்ணே?"

அப்பா கால்களைக் குழியிலிருந்து எடுத்து மேலே போட்டு, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, எழுந்து நின்று, முதுகை நெட்டி முறித்தார். அதற்குப் பிறகுதான் பதில் சொன்னார்.

"எங்கப்பன் வயல்ல குனிஞ்சார்னா மேஸ்திரி சொன்னாத்தான் நிமிரணும். இருபது வருஷம் நானும் அப்படித்தான், எந்திரிக்கணும்னா தறிக்காரர் மூஞ்சியப் பாக்கணும். இப்ப எனக்கு முதுகு வலிச்சா நானே எந்திரிச்சிக்கலாம். அது போதும் சார்."

சார் அதை, கலங்கிப்போன முதல் தாளின் வெள்ளைப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

அச்சடிக்கிறவர் அந்த வருஷம் முடியாது என்று கார்டு போட்டார். இரண்டு வருஷம் கழித்துத்தான் புத்தகம் வந்தது. அதற்குள் சாருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது. பஸ் ஏறி வந்து, அப்பா கையில் புத்தகத்தைக் கொடுத்தார். பச்சை அட்டை, மெலிசு. அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிவிட்டு, "இதுல நாம எங்க சார் இருக்கறோம்?" என்று கேட்டார். அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு என்றுதான் எனக்கு அன்றும் பட்டது, இன்றும் படுகிறது.

"அச்சுல அவங்க சொன்னது மட்டும்தாண்ணே வரலாம். அவங்க சொல்லாததை நான் சேத்தா அது பொய்யாயிடும். ஜாடிக்காரன் அதுலயும் பேசாமத்தான் இருக்கறான்" என்று சொல்லி, பையிலிருந்து பழைய கட்டை எடுத்தார். நான் முறுக்கிக் கொடுத்த அதே அரக்கு நூல் கட்டியிருந்தது. "அவன் பேசினது இதுல இருக்குது. இது உங்க வூட்டுல இருக்கட்டும்."

புத்தகத்தை எங்கள் வீட்டிலிருந்து யாரோ வாங்கிப் போய், அது திரும்பி வராமல் போயிற்று. கட்டு மட்டும் இருக்கிறது. சார் இல்லை. அப்பா, அம்மா, பெரியம்மா யாரும் இல்லை. அவரவர் காலத்தில் நல்லபடியாகப் போனார்கள். சார் இருந்த அறையை இடித்து அங்கே இப்போது மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்கள். என் மகனுக்கு இரண்டு தறி. பாவுக்கு நடுவே வைக்கக் கடையிலேயே பழுப்புக் காகிதம் உருளை உருளையாக வருகிறது, அகலத்துக்குச் சரியாக, வெட்டக்கூட வேண்டாம். அதில் எந்தப் பக்கமும் எழுத்து இல்லை. நல்ல காகிதம்தான், நான் குறை சொல்லவில்லை. நெய்யும்போது அதிலிருந்து என்ன விழுகிறது என்று யாரும் கீழே உட்கார்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் என் மருமகளுக்கு லீவு. அவள் கம்ப்யூட்டர் படித்தவள், இங்கிலீஷ் பேப்பரைத் தமிழ் மாதிரி வாசிப்பாள். கட்டைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்துகொண்டு, அவள் முன்பக்கத்தை வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். நான் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்து அவளுக்குச் சொன்னேன். பெரியம்மாவின் 'ஒரு கண்ணு அங்கதான்' வந்தபோது அவள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். கடைசியாக அடியில் இருந்த தாளை எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பி, "இதுல ஒண்ணுமே தெரியல அத்தை, மை ஊறிப் போயிருக்குது" என்றாள்.

"திருப்பு" என்றேன்.

அப்பாவின் நான்கு வரியையும் படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் அவசரப்படுத்தவில்லை. படித்து முடித்ததும், தாளை அதன் இடத்தில் வைத்து, அரக்கு நூலால் கட்டை இறுக்கிக் கட்டினேன். வெகுநேரம் தரையில் உட்கார்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. கையை ஊன்றினேன். "இருங்க அத்தை, தூக்கி விடறேன்" என்று அவள் கையை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானே எழுந்தேன்.